ஒலாந்தினா குடித்த இரண்டு சத்தியங்கள்

ரைமேரா பள்ளிக்கூடத்தில் வாக்காளர்களுக்கு வகுப்பு எடுக்கப் போன அன்றுதான் ஒலாந்தினாவை முதலில் பார்த்தேன். எங்கள் எர்மேரா மலையில், என் ஊரிலிருந்து தலைநகர் டிலிக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். அதனால் தேர்தல் அலுவலகம் எனக்கு ஒரு நீலச் சட்டையும் ஒரு மாதிரி ஓட்டுச்சீட்டும் கொடுத்து அனுப்பியபோது, மலைப்பாதை முழுக்க மார்பை நிமிர்த்திக்கொண்டே ஏறினேன்.

ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் நின்ற அத்தனை பேரில் இரண்டு பேர்தான் மிச்சம். சீட்டில் இரண்டு முகம். ஒருவருக்குப் பெரிய மீசை, இன்னொருவர் தலையில் பனையோலைத் தொப்பி. மலையில் அவர்களுடைய முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. மீசைக்காரர், தொப்பிக்காரர், அவ்வளவுதான்.

"மறைப்புக்குள்ள போனா நீங்களும் சீட்டும் அதைக் குத்துற ஆணியும் மட்டும்தான்" என்றேன். "யார் முகத்துல குத்துனீங்கன்னு உங்க புருஷனுக்குத் தெரியாது, ஊர்த்தலைவருக்குத் தெரியாது, ஏன், அந்த ஜனாதிபதிக்கே தெரியாது."

கடைசி வரிசையில் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, இடுப்பில் நெய்த தாயிஸ் துணி.

"தம்பி, செத்துப்போனவங்களுக்கு?"

கூரை அதிரச் சிரித்தார்கள். "முதல்ல அவங்க பேரு பட்டியல்ல இருக்கான்னு பாரு தம்பி!" என்றார் ஒரு கிழவர். "எங்க மாமா செத்து மூணு வருஷம், பேரு இன்னும் இருக்கு. அவரு வந்தாலும் வருவாரு."

கேட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சட்டத்துல உசிரோட இருக்கறவங்களைப் பத்தித்தான்க்கா எழுதியிருக்கு" என்றேன்.

"அப்போ பாதிதான் எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர்தான் ஒலாந்தினா. மிச்சக் கதையை அந்த வருஷத்துக் காப்பி பறிப்பில், கூடை நிறைய நிறைய, அவரே சொன்னார்.

*

ரைமேராவில் இரண்டு குலவீடு, வீட்டின் பெயர்தான் குலத்தின் பெயர். சரிவின் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல்வீடு பெண் கொடுக்கும், கீழ்வீடு பெண் எடுக்கும். எத்தனையோ தலைமுறையாக அந்தப் பாதையில் பெண்கள் இறங்கித்தான் வந்திருக்கிறார்களே தவிர ஒருத்தியும் ஏறிப் போனதில்லை. கொடுத்தவன் கை எப்போதும் மேலே. மேல்வீட்டில் விசேஷம் என்றால் கீழ்வீட்டுக்காரர்கள் எருமையோடு போய், வாசலுக்கு வெளியே நின்று கறி வெட்டிக் கொடுத்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு வர வேண்டும்.

ஒலாந்தினா மேல்வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் அபிலியுவைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மாமியார் வேறு யாரும் இல்லை, சொந்த அத்தை கித்தேரியாதான். அப்பாவின் அக்கா. அத்தையே மாமியார் என்பதால் ஒலாந்தினாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அடுப்படியில் எவ்வளவு வசவு விழுந்தாலும் அது நம் வீட்டு வாய்தானே என்று விட்டுவிடலாம். ஒலாந்தினாவுடைய மகன் ஜானுவாரியு பெண் தேடியபோது அதே பாதையில்தான் ஏறினான். ஒலாந்தினாவின் அண்ணன் மார்சாலின் மகள் நத்தேர்சியாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பாதிரியார் முதலில் ரத்தம் நெருக்கம் என்று மறுத்தார், பிறகு மேற்றிராணியாரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி மோதிரத்தை ஆசீர்வதித்தார்.

நத்தேர்சியாவுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அன்று ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலாந்தினா காப்பிச்செடிகளுக்கு நடுவே நின்ற நிலையை ஊரில் பார்த்தவர்கள் இன்றும் பேசுவதில்லை. இப்போது இரண்டாவது. ஏழாம் மாதம்.

தேர்தல் வந்ததும் மேல்வீடு மீசைக்காரர் பக்கம் நின்றது. காரணம் ரொம்பச் சின்னது, ரொம்பப் பெரியது. இந்தோனேசியப் படை மலையைச் சுற்றி வளைத்திருந்த வருஷங்களில் அவர் மேல்வீட்டுக் காப்பிச்சரிவுக்குக் கீழே ஒரு குகையில் ஒளிந்திருந்தார். சிறுமி ஒலாந்தினா பாவாடை மடிப்பில் சோளம் கட்டிக்கொண்டு போய்க் குகை வாயில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வருவார். "நம்ம சோளம் தின்ன வாய்" என்பார் மார்சால். "அந்த வாய் ஜனாதிபதி ஆனா நம்ம சோளமும் ஜனாதிபதி ஆன மாதிரி."

கீழ்வீட்டுக்குத் தொப்பிக்காரர். அபிலியுவின் அப்பா இறந்தபோது, மழையில் பாதை வழுக்கிப் பெட்டி தூக்க ஆள் போதாமல் நின்ற நேரம், எங்கோ போய்க்கொண்டிருந்த அந்த மனிதர் வண்டியை நிறுத்தி இறங்கித் தோள் கொடுத்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். அப்போது அவர் எதற்கும் நிற்கவில்லை, ஓட்டுக் கேட்கவும் இல்லை. பிணத்துக்குத் தோள் கொடுத்தவனைக் கைவிடலாமா? கீழ்வீட்டில் அதற்குமேல் பேச்சே எழவில்லை.

டிலியில் என் பேராசிரியர்கள் வயது, படிப்பு, வருமானம், வானொலி என்று கரும்பலகை நிறைய எழுதினார்கள். அதெல்லாம் பொய்யில்லை. ரைமேரா இளவட்டங்கள் எந்தக் கட்சி ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் ஊற்றுகிறார்களோ அங்கே போனார்கள். பள்ளி வாத்தியார் ரோடு போடுகிறவருக்கு என்றார். கன்னியாஸ்திரிகள் பூசைக்கு ஒழுங்காக வருகிறவருக்கு என்றார்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு மடிப்பு சோளமும் போன வருஷத்து ஒரு தோளும் ஒரு நாட்டுத் தலைவனைத் தூக்கி நிறுத்த வரும் என்று அந்தக் கரும்பலகையில் நான் படிக்கவில்லை. மலையில்தான் படித்தேன்.

*

முதல் சுற்று முடிந்த வாரம் மேல்வீடு புதுக்கூரை போட்டு விழா எடுத்தது. அபிலியு வழக்கப்படி வெளியே எருமைக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போக அனுமதி அந்த வீட்டு ரத்தத்துக்கு மட்டும், அதுவும் ஒவ்வொருவராக. எங்கே வாழ்க்கைப்பட்டாலும் மகள் ரத்தம்தானே, தன் முறை வந்ததும் ஒலாந்தினாவும் உள்ளே போனார். இருட்டு, புகை, முன்னோர்களின் வாள்கள். குலவீட்டுக்காகப் பேசும் உரிமை உள்ள சொல்லுக்காரர் மவுலெகி, கிண்ணத்தில் கள் ஊற்றி, சேவல் ரத்தம் சொட்டி, வாள்நுனியை அதில் முக்கினார்.

"குடிக்கிற வாய் ஒண்ணு, குத்துற கை ஒண்ணு. கை வேற பக்கம் போச்சுன்னா அந்த வீட்டுல பூத்தது காய்க்காது, சுமந்தது பிறக்காது."

பிறந்த வீட்டுக் கிண்ணம். ஒலாந்தினா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கசக்கவே இல்லை என்றார்.

பதினைந்து நாள் கழித்துக் கீழ்வீட்டில் அபிலியுவின் அப்பாவுக்குக் கறுப்பு அவிழ்க்கும் நாள். ஒரு வருஷமாகப் போட்ட துக்கத் துணியைக் கழற்றும் சடங்கு. பரிசம் முழுதும் கொடுத்துக் கொண்டுவந்த மருமகள்களும் இந்த வீட்டு ரத்தம்தான் என்பது கீழ்வீட்டு முறை, அதனால் ஒலாந்தினாவும் உள்ளே உட்கார்ந்தார். துணி எரிந்து முடிந்ததும் கீழ்வீட்டுச் சொல்லுக்காரர் சிப்ரியானு ஒரு கிண்ணத்தோடு எழுந்தார். அப்படி ஒரு கிண்ணம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

கிண்ணம் கை மாறி வந்தது. அபிலியு குடித்துவிட்டு நீட்டினார். ஒலாந்தினா வாங்கவில்லை.

"பிடி ஒலா. அப்பா பாக்குறாரு."

"எனக்கு வயிறு சரியில்ல."

"கள்ளு குடிச்சா சரியாகும்" என்றாள் பக்கத்திலிருந்த நாத்தி. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எரிந்த துணியின் புகை இன்னும் மாமனார் உட்காரும் மூலையில்தான் நின்றது. ஒலாந்தினா கிண்ணத்தை உதட்டில் வைத்தார். உதட்டை மட்டும் நனைத்தார். விழுங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் நாக்கு துரோகி. அது உதட்டைத் தடவி உள்ளே இழுத்துக்கொண்டது.

"இங்கே குடிச்ச கை வேற பக்கம் போச்சுன்னா" என்று சிப்ரியானு முடித்தார், "முதல்ல விழுறது அந்த வீட்டுல ரொம்பச் சின்ன உசிருமேல."

வெளியே அடுப்படியில் நத்தேர்சியா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கிண்ணம் நீட்டக் கூடாது என்பதால் அவளை உள்ளே விடவில்லை. மாமியார் வெளியே வந்ததும், "என்னத்தே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள். ஒலாந்தினா அவள் வயிற்றின்மேல் கை வைத்தார். உள்ளே குட்டி ஒரு உதை விட்டது.

*

அன்றிலிருந்து ஒலாந்தினாவுக்குச் சோளம் இறங்கவில்லை. மீசையில் குத்தினால் கீழ்வீட்டுச் சத்தியம் முறியும். தொப்பியில் குத்தினால் மேல்வீட்டுச் சத்தியம். போகாமலே இருந்தால் இரண்டும். எந்தப் பக்கம் புரட்டினாலும் கத்தி அந்த ஏழு மாத வயிற்றில்தான் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். புருஷனுக்குத் தெரியாவிட்டால் என்ன, மாமனாருக்குத் தெரியுமே.

சனிக்கிழமை காப்பிச்செடிக்குக் களை வெட்டும்போது அபிலியுவிடம் சொன்னார். அபிலியு சுருட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ரெண்டு வீட்டுலயும் குடிச்சியா? உனக்கு என்ன பைத்தியமா?"

"எந்த வீட்டுல வேணாம்னு சொல்லியிருக்கணும்? நீயே சொல்லு."

அபிலியு ஒரு களையைப் பிடுங்கி எறிந்தார். கடைசியில், "யாருக்கும் சொல்லாத. பேசாம எங்காளுக்குக் குத்திடு. உங்க அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்கண்ணனுக்கா நான் பயப்படுறேன்? புதைச்சேனே ஒண்ணை, இந்தச் செடிக்குக் கீழதான். இன்னொண்ணைப் புதைக்க எனக்குக் கையில்ல."

அபிலியு குனிந்து சுருட்டைத் தேடினார். அது கிடைத்த பிறகும் நிமிரவில்லை.

சத்தியத்தை அவிழ்க்க முடியும். ஆனால் அதற்கு இரண்டு வீட்டுச் சொல்லுக்காரர்களும் ஒரே பாயில் உட்கார வேண்டும், நாலு பேர் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் கொலைப்பகை, நிலப்பகை எல்லாம் பாய் விரித்துத்தான் தீரும். விரிப்பவர்கள் ஆண்கள். பெண் பிள்ளை பாய் விரித்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை, தேர்தலுக்கு முதல் நாள், பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பாதை பிரியும் இடத்தில், பெரிய நிழல்மரத்தடியில் ஒரு பாய் விரிந்து கிடந்தது. ஒலாந்தினாவின் கல்யாணப் பாய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்த கூடை நடுவில். பக்கத்தில் கால் கட்டிய சேவல் ஒன்று. பாயின் ஓரத்தில் அவர் மட்டும்.

"யாரு செத்தது?" என்று கேட்டபடி கூட்டம் சேர்ந்தது. ஓட்டுப்பெட்டிக்குக் காவல் வந்திருந்த போலீஸ்காரரும் ஓடி வந்தார். அன்றைக்குப் பிரசாரம் கூடாது. நானும் அவர் பின்னாலேயே போனேன்.

"இங்க என்ன, கட்சிக்கூட்டமா?"

"இல்ல சார், கல்யாணப் பேச்சு" என்றார் ஒலாந்தினா.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான். இருபத்தாறு வருஷம் முந்தி நடந்துச்சு. அதுல கொஞ்சம் பேசாம விட்டுப்போச்சு."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "சட்டத்துல இதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவரும் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையைப் பார்த்தார்.

இரண்டு சொல்லுக்காரர்களும் வந்து பாயின் இரண்டு தலைப்பில் உட்கார்ந்தார்கள். ஒலாந்தினா சுற்றி வளைக்கவில்லை.

"மேல்வீட்டுக் கிண்ணத்தை முழுசா குடிச்சேன். கீழ்வீட்டுக் கிண்ணத்துல உதட்டை நனைச்சேன். ரெண்டும் எனக்குள்ள இருக்கு. எனக்கு இருக்கறது ஒரு கை. ஒண்ணை அவிழ்த்துவிடுங்க. எதை அவிழ்க்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. மார்சால் முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது.

"இதுல பேச என்ன இருக்கு? பொண்ணு குடுத்த வீட்டுச் சத்தியம் பெருசா, எடுத்த வீட்டுச் சத்தியம் பெருசா? எங்களைக் கேக்காம எங்க ரத்தத்துக்குக் கிண்ணம் நீட்டினவங்களைக் கேளு."

"மச்சான், பாத்துப் பேசு" என்றார் அபிலியு. இருபத்தாறு வருஷத்தில் மேல்வீட்டு ஆளை அவர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. தானே பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"முதல்ல போட்ட முடிச்சுதான் அடியில கிடந்து தாங்கும்" என்றார் மவுலெகி நிதானமாக.

"கடைசியா போட்ட முடிச்சுதான் மேல கிடக்கு" என்றார் சிப்ரியானு. "அடி முடிச்சை எவன் முதல்ல தொடுவான்?"

"அப்போ உன் முடிச்சு மேல கிடக்கு. அதைத்தான் முதல்ல அவிழ்க்கணும்."

"அவிழ்க்கலாம். எங்க மருமக எங்க செத்தவருக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குறான்னு நீங்க மேல்வீட்டு வாசல்ல நின்னு மூணு தடவை சொல்லுங்க. பாப்போம்."

இப்படியே போனது. பேச்சு அழகாக இருந்தது, இரண்டு பேரும் அந்தக் கலையில் தேர்ந்தவர்கள். ஆனால் வெயில் மரத்தைத் தாண்டி வந்துவிட்டது, முடிச்சு அங்கேயேதான் இருந்தது. ஒலாந்தினா எழுந்து நின்றார்.

"அண்ணே, உன்னை ஒண்ணு கேக்கறேன். மேல்வீட்டுச் சத்தியம் முறிஞ்சா சாபம் யாருமேல விழும்?"

மார்சால் கீழ்வீட்டுக்காரர்கள் பக்கம் கையை நீட்டினார்.

"நத்தேர்சியா வயித்துமேல விழும். அது உன் மக. உன் பேரப்புள்ளை. சிப்ரியானு சித்தப்பா, கீழ்வீட்டுச் சத்தியம் முறிஞ்சா? அதே வயிறு. கீழ்வீட்டுப் பேரு வைக்கப்போற புள்ளை. ரெண்டு வீடும் வாளை வீசுறீங்க, ரெண்டு வாளும் விழுறது ஒரே தலை. அது ரெண்டு வீட்டுக்கும் புள்ளை. அதை யாரு புதைக்க வருவீங்கன்னு முதல்ல பேசி முடிங்க, அப்புறம் முடிச்சைப் பத்திப் பேசலாம்."

மார்சால் தன் மகளைத் தேடினார். நத்தேர்சியா கூட்டத்தின் விளிம்பில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கைத்தடி ஊன்றி ஒரு உருவம் எழுந்தது. கித்தேரியா. மருமகளுக்குப் புத்தி சொல்லத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்து பாயில், மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும்தான் குடிச்சேன்."

"என்ன குடிச்சீங்க அண்ணி?" என்றார் சிப்ரியானு.

"கள்ளுத்தான், பாலா குடிச்சேன்? நானும் மேல்வீட்டுல பொறந்தவதானே. அங்கேயும் குடிச்சேன், இங்கேயும் குடிச்சேன். இவளை மாதிரி உதட்டை நனைச்சுட்டு நிறுத்தல, ரெண்டு வீட்டுலயும் கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சேன்."

ஒலாந்தினா மாமியாரை வெறித்துப் பார்த்தார். "அத்தே! ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்னால் இன்னொருத்தி எழுந்தாள், கீழ்வீட்டு மூத்த மருமகள். பிறகு அவள் ஓரகத்தி. பிறகு கள்ளு குடித்தால் வயிறு சரியாகும் என்ற அந்த நாத்தியின் இன்னொரு அண்ணி. ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். ஒருத்தி வழியில் இருந்த புருஷனைத் தள்ளிவிட்டு வந்தாள். மேல்வீட்டில் பிறந்து அந்தப் பாதையில் இறங்கி வந்த பெண் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். பாயில் இடம் போதாமல் மண்ணில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்து, ஒரே அடுப்படியில், ஒரே ஊற்றில், இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டு செத்துப் பிழைத்திருக்கிறாள்.

இரண்டு வீட்டு ஆண்களும் தங்கள் வீட்டு ரத்தம் எவ்வளவு என்று எண்ணியிருக்கிறார்கள். மகள்களையும் எண்ணினார்கள், மருமகள்களையும் எண்ணினார்கள். இரண்டும் ஒரே பெண்கள்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மவுலெகி அந்தப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு சிப்ரியானுவைப் பார்த்தார்.

"தம்பி, நாம ரெண்டு பேரும் ஒரே கயித்துலதான் முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

"ஆமாண்ணே" என்றார் சிப்ரியானு. "கயிறு அந்து போகாம இருந்ததே பெருசு."

இரண்டு வீட்டிலிருந்தும் வாளும் கிண்ணமும் வந்தன. சேவலை அறுத்து ஈரலைப் பார்க்க வேண்டும். செத்தவர்கள் சம்மதிக்கிறார்களா என்பது அதில்தான் தெரியும். மவுலெகி ஈரலை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தார். சிப்ரியானுவும் குனிந்தார். இரண்டு நரைத்தலையும் முட்டிக்கொள்ளும்போல. ஒலாந்தினா ஈரலைப் பார்க்கவில்லை, நத்தேர்சியாவைப் பார்த்தார். நிமிர இவ்வளவு நேரமா என்று போலீஸ்காரரே எழுந்து எட்டிப் பார்த்தார்.

"வழி திறந்திருக்கு" என்றார் மவுலெகி.

இரண்டு கிண்ணத்துக் கள்ளும் பாதை பிரியும் மண்ணில் ஊற்றப்பட்டது. வார்த்தை தொண்டை வழியாக இறங்கியது, அதனால் தொண்டை வழியாகவே போகட்டும் என்று, மென்ற வெற்றிலைச் சிவப்பை ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் இரண்டு சொல்லுக்காரர்களும் ஆளுக்கொரு விரலால் தடவினார்கள். "இவங்க ரெண்டு வீட்டுக்காரங்க. இவங்க கையை எந்த வீடும் கட்டாது."

"எங்களையும் அவிழ்த்து விடுங்களேன்!" என்றான் பின்னாலிருந்து ஒரு இளவட்டம்.

"நீ ஒரு வீட்டுக்காரன்தானேடா, உனக்கென்ன கேடு?" என்றார் கித்தேரியா. அன்று முதன்முறையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மார்சால் சிரிக்கவில்லை. போகும்போது மகள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

*

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விரலுக்கு மை வைக்கும் வேலை எனக்கு. சிவந்த கழுத்தோடு அவர்கள் வரிசையில் வந்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ வரிசைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. திருவிழாவுக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார்கள். யாரும் பேசவில்லை.

ஒலாந்தினா மறைப்புக்குள் போனார். சீட்டை விரித்தார். ஆணியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அது நடந்தது என்றார். அந்த இரண்டு முகத்தையும் அவர் அதுவரை பார்த்ததே இல்லை. குகையைப் பார்த்திருந்தார், பெட்டிக்கு அடியில் இருந்த தோளைப் பார்த்திருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மீசைக்காரரின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத பை இருந்தது. தொப்பிக்காரருக்கு ஒரு காது கொஞ்சம் பெரிசு. இரண்டு பேருமே யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத இந்த மலையை இவர்களில் யார் நினைப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தார். அண்ணன் குரல் வரவில்லை. அபிலியு குரல் வரவில்லை. மாமனாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"கோயில்ல தனியா நின்ன மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார். "உள்ள நான் மட்டும்தான் இருந்தேன். நான் அவ்வளவு பெருசா இருப்பேன்னு எனக்கே தெரியாது."

வெளியே வந்ததும் கித்தேரியா காதோடு கேட்டார், "யாருக்குடி?"

"நீங்க சொல்லுங்க முதல்ல."

"நான் எதுக்குச் சொல்லணும்? என் கையை எந்த வீடும் கட்டாது."

"அப்போ என் கையையும் மாமியார் கட்ட முடியாது."

சாயங்காலம் ஓட்டு எண்ணும்போது ஊரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சீட்டையும் தலைக்குமேல் விரித்துக் காட்ட வேண்டும், ஆணி குத்திய துளை வழியாக வெளிச்சம் வரும். மார்சால் ஒரு பக்கம், சிப்ரியானு ஒரு பக்கம், விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்கள். பாதியில் இரண்டு பேருக்கும் குழம்பிவிட்டது. எதிர்பார்த்ததற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எதிர்பார்க்கவே வழியில்லை. மார்சால் விரல்களை விரித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப்போலச் சும்மா பார்க்கத் தொடங்கினார். யார் ஜனாதிபதியானார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரைமேரா பெண்கள் யாரை ஆக்கினார்கள் என்பது அவர்களைத் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒலாந்தினாவுக்கு மட்டும் மனசு இன்னும் அடங்கவில்லை. ஈரல் சொன்னதைச் செத்தவர்கள் மாற்றிக்கொண்டால்? காப்பி பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு காலை, நத்தேர்சியாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி உள்ளே, ஒலாந்தினா வாசலில். மேலிருந்து மார்சாலும் மவுலெகியும் இறங்கி வந்து, கீழ்வீட்டு ஆண்களோடு ஒரே திட்டில் உட்கார்ந்தார்கள். பெண் கொடுத்தவர்கள் அங்கே வந்து காத்திருப்பது முறையில்லை. யாரும் முறையைப் பேசவில்லை. உச்சி வெயிலில் உள்ளேயிருந்து ஒரு வீறல் கேட்டது, கோபமான, நிறைந்த வீறல். ஒலாந்தினா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கை வைத்துத் தடவிக்கொண்டு, "வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, வாங்கிக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண் குழந்தை.

இரண்டு குலவீடும் அதற்குப் பிறகும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கிண்ணம் எடுக்கின்றன. ஆண்களுக்கு மட்டும். கித்தேரியா இறந்துவிட்டார், யாருக்குக் குத்தினார் என்று சொல்லாமலேயே. ஒலாந்தினா கீழ்வீட்டில்தான் இருக்கிறார். காப்பி விலை விழுந்த வருஷத்திலிருந்து க்ளெனோ சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வறுத்து விற்கிறார். பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.